பழைய குடும்பப் படங்களை மீட்பதும் பயன்படுத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் ஒரு தகரப் பெட்டி, ஹாலில் வரிசையாக மாட்டிய கறுப்பு வெள்ளைப் படங்கள், பீரோவுக்குள் அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பம். பல வீடுகளில் இருப்பு இவ்வளவுதான். இவற்றை என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில்.

முதலில் சுத்தம் செய்வதா, ஸ்கேன் எடுப்பதா?

இரண்டும் இல்லை. வீட்டில் மூத்தவர் யாரோ, அவர் முன்னால் படங்களைக் கொண்டுபோய் வையுங்கள். ஸ்கேனர் அடுத்த வருஷமும் கிடைக்கும். எண்பத்தைந்து வயது அத்தையின் ஞாபகத்துக்கு அப்படி உத்தரவாதம் கிடையாது. யார் என்று தெரியாத முகத்தை எவ்வளவு பளிச்சென்று ஆக்கினாலும் அது யாரோ ஒருவர் படம்தான்.

"இது யாரு?" என்று மட்டும் கேட்டால் ஒரு பெயரோடு பேச்சு முடிந்துவிடும். "இந்தக் காசுமாலை இப்ப யாருகிட்ட இருக்கு?", "இந்த வீட்டை யாருக்கு வித்தீங்க?", "எல்லாரும் இருக்காங்க, பெரியப்பா மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டம். மொபைலில் ரெக்கார்டரை ஓடவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். பிறகு எந்தக் கதை எந்தப் படத்துக்கு என்ற குழப்பம் வராது.

பின்பக்கம் எழுதுவதாக இருந்தால் மெத்தென்ற பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தழும்பு விடும். 1970களுக்குப் பிறகு வந்த, பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் பென்சில் பிடிக்காது. அந்தப் படத்தை ஒரு காகித உறையில் போட்டு உறை மேல் எழுதிவிடுங்கள்.

எந்த வருஷம் எடுத்த படம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

சரியான வருஷம் கிடைப்பது அரிது, பத்து வருஷ வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. நெகட்டிவ் இருந்தால் அதன் ஓரத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள், பிலிம் கம்பெனியின் பெயர் இருக்கும். 'ஓர்வோ' என்றிருந்தால் 1964க்குப் பிந்தியது, ஏனென்றால் கிழக்கு ஜெர்மனியின் அந்தக் கம்பெனிக்கு அந்தப் பெயர் வந்ததே அப்போதுதான். 'இந்து' என்றிருந்தால் அது நம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் சரக்கு. அங்கே உற்பத்தி தொடங்கியது 1967இல். சதுரமான சின்னப் படமும், ஆறு சென்டிமீட்டர் சதுர நெகட்டிவும் இருந்தால், பரோடாவில் செய்து வந்த 'அக்ஃபா கிளிக் 3' போன்ற பெட்டிக் கேமராவாக இருக்கலாம். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். சித்தப்பா எல்லாரையும் வெயிலில் நிற்கவைத்து "அசையாதீங்க" என்று கத்தியது அதனால்தான். வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருந்தால் எண்பதுகளின் பிற்பகுதியோ தொண்ணூறுகளோ. அந்தத் தேதியையும் அப்படியே நம்பாதீர்கள், கேமராவில் தேதியைச் சரியாக வைத்தவர்கள் குறைவு.

ஒரு எச்சரிக்கை. ஸ்டூடியோப் படத்தில் இருக்கும் கோட்டு, கைக்கடிகாரம், மேஜை மேல் ரேடியோ இவற்றை வைத்துக் குடும்ப வசதியைக் கணக்குப் போட வேண்டாம். பல ஸ்டூடியோக்களில் அதெல்லாம் வாடிக்கையாளர்களுக்காகவே மாட்டி வைத்திருந்தவை. தாத்தா கோட்டுப் போட்டிருப்பது அந்த ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் என்றும் இருக்கலாம்.

ஃபிரேம் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது?

பிரிக்காதீர்கள். படத்தின் மேல்படலம் ஜெலட்டின். நம் ஊர் ஈரப்பதத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், வெறும் தாள்தான் கையில் வரும். பின்பக்க ஆணிகளைக் கழற்றி, அட்டையை எடுத்துவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இருக்கும் சந்தனம், குங்குமம், ஊதுபத்திப் புகைக் கறையை லேசாக ஈரமான துணியால் துடையுங்கள். தண்ணீரை நேராகக் கண்ணாடியில் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். பிறகு கண்ணாடியோடு ஸ்கேனரில் கவிழ்த்து ஸ்கேன் எடுங்கள். அந்த நகலை வைத்து வேண்டிய வேலையைச் செய்துகொள்ளலாம்.

இனி ஃபிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே, படம் தெரிய ஜன்னல் போல் வெட்டிய மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சின்ன இடைவெளி போதும்.

பசை ஆல்பத்திலிருந்து படங்களை எடுப்பது எப்படி?

பக்கம் முழுக்கப் பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பங்கள் எழுபது எண்பதுகளில் ஏகப்பட்ட வீடுகளுக்கு வந்தன. படத்துக்கு அவை எமன். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு, ரம்பம் போல் மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அடம் பிடித்தால் விட்டுவிடுங்கள். மேல் பிளாஸ்டிக்கை மட்டும் விலக்கி, பக்கத்தோடு ஸ்கேன் எடுத்தால் போதும். யாராவது கையால் எழுதிய குறிப்பு பக்கத்தில் இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த படங்கள் தேறுமா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளில் இருந்த எத்தனையோ ஆல்பங்கள் போயின. அவற்றில் பல, தண்ணீர் பட்டதால் போகவில்லை, கட்டாக ஒட்டிக் காய்ந்ததால் போனவை. ஈரமாக இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. சுத்தமான குளிர்ந்த தண்ணீரை அகலமான தட்டில் ஊற்றி, படங்களை அதில் போட்டு ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். முகத்தின் மேல் விரல் வைத்துத் தேய்க்காமல் சேற்றை அலசிவிட்டு, நிழலில் துணி மேல் முகம் மேலாகப் பரப்பி மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். இரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும். முடியாது என்றால் நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், மாதக் கணக்கில் தாங்கும். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தன்னார்வலர்கள் சேற்றில் கிடந்த படங்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் காயவைத்து, உரியவர்களைத் தேடிக் கொடுத்தார்கள்.

கையால் வண்ணம் தீட்டிய படத்துக்கும் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்ட படத்துக்கும் இது பொருந்தாது. அவற்றைத் தண்ணீரில் போட்டால் நிறம் கரைந்துவிடும். நனையாத படத்தில் தூசி மட்டும்தான் என்றால், புதிதான மெல்லிய மேக்கப் பிரஷ் போதும். எச்சில், தின்னர், ஈரத்துணி எதுவும் கிட்டே வரக் கூடாது.

ஸ்கேனர் வேண்டுமா, மொபைலே போதுமா? எத்தனை டிபிஐ?

பெயர் கேட்டுக் குறித்துக்கொள்ளவும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் மொபைல் தாராளமாகப் போதும். ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாத இடத்தில், பிளாஷ் இல்லாமல், படத்துக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். பெரிதாக அச்சிட வேண்டிய பத்திருபது படங்களை மட்டும் பிளாட்பெட் ஸ்கேனரில் எடுங்கள்.

மேக்சி, போஸ்ட்கார்டு சைஸ் படங்களுக்கு 600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி. நாலுக்கு ஆறு அங்குலப் படம் அதில் 2400க்கு 3600 பிக்சலாக வரும், இருமடங்கு பெரிதாக அச்சிட்டாலும் தெளிவு குறையாது. பாஸ்போர்ட், ஸ்டாம்ப் சைஸ் என்றால் 1200. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலர் முறையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பும் கறையும் நிறமாகப் பதிவானால் பிறகு அவற்றைத் தனியாகப் பிரித்து நீக்கலாம். மூலக் கோப்பை டிஃப் வடிவில் சேமித்து, அதைத் தொடாமல் வைத்துவிட்டு, ஜேபெக் நகலில் வேலை செய்யுங்கள். கோப்புக்கு '1962_காரைக்குடி_ஆச்சி' என்ற மாதிரி பெயர் வைத்தால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

பட்டுத்துணி போல் சொரசொரப்பான தாளில் அச்சிட்ட படங்கள் ஸ்கேனரில் புள்ளி புள்ளியாக வரும். அவற்றை மொபைலிலோ கேமராவிலோ பரவலான வெளிச்சத்தில் எடுப்பதே மேல்.

நெகட்டிவ் கிடைத்திருக்கிறது. அதனால் லாபம் உண்டா?

பெரிய லாபம். பிரிண்டில் இருப்பதைவிட அதிக விவரம் நெகட்டிவில் இருக்கும், கீறலும் பழுப்பும் குறைவு. 35 மி.மீ. நெகட்டிவை 2400 முதல் 4000 டிபிஐ வரை ஸ்கேன் செய்யலாம். ஸ்கேனரில் தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி இருந்தால், கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அதை அணைத்துவிடுங்கள். அந்த நெகட்டிவில் உருவமே வெள்ளித் துகள்தான். கருவி அதையும் தூசி என்று எண்ணி அழித்துவிடும்.

கலர் படங்கள் சிவந்து போயிருக்கின்றன. நானே சரிசெய்யலாமா?

செய்யலாம். கலர் படத்தில் மூன்று சாயங்கள். எழுபதுகளின் படங்களில் பெரும்பாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும், மிச்சம் இருப்பது சிவப்பும் மஞ்சளும். அதனால்தான் அக்காவின் பச்சைப் பாவாடை பழுப்பாகத் தெரிகிறது. இலவசமாகக் கிடைக்கும் 'கிம்ப்' மென்பொருளில் 'லெவல்ஸ்' கருவியைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எடுத்து, வரைபடத்தின் மலை எங்கே தொடங்குகிறதோ அங்கே இடதுபக்க முக்கோணத்தையும், முடிகிற இடத்தில் வலதுபக்க முக்கோணத்தையும் கொண்டுவாருங்கள். இதிலேயே படம் பாதிக்குமேல் உயிர் பெற்றுவிடும். பிறகு வெள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை, ஒரு வேட்டியையோ பள்ளிச் சட்டையையோ, பார்த்துக்கொண்டே நடு முக்கோணங்களை நகர்த்துங்கள்.

கீறலையும் புள்ளிகளையும் 'ஹீல்' கருவியால் நீக்கலாம். பின்னணியில் எவ்வளவு வேண்டுமானாலும் அழியுங்கள், முகத்தில் மட்டும் கை நிதானமாக இருக்கட்டும். கன்னத்தில் இருப்பது கறையா மச்சமா என்று தெரியாவிட்டால் இன்னொரு படத்தைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். கிழிந்த படத்துக்கு செலோடேப் போடாதீர்கள். துண்டுகளை ஸ்கேனரில் அருகருகே வைத்து எடுத்து, கணினியில் சேருங்கள்.

ஏஐ செயலியில் போட்டால் ஒரு நொடியில் தெளிவாகிறதே?

ஆகிறது. ஆனால் அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது? மங்கலான படத்தில் கண்ணிமை இல்லை. செயலி தான் பார்த்த லட்சக்கணக்கான முகங்களிலிருந்து ஓர் இமையை ஊகித்து ஒட்டுகிறது. பாட்டியின் லேசான மாறுகண், முன்பல் இடைவெளி, அம்மைத் தழும்பு, குடும்பத்தில் வழிவழியாக வரும் அந்த மூக்கு, இவைதான் முதலில் காணாமல் போகின்றன. தோலையும் கேட்காமலே வெளுப்பாக்கி வழவழவென்று தேய்த்துவிடும். பார்த்தவுடன் "ஆகா" என்று தோன்றும். பாட்டியை நேரில் பார்த்தவரிடம் காட்டினால்தான் "நல்லாத்தான் இருக்கு, ஆனா அவங்க மாதிரி இல்லையே" என்பார்.

கீறல் நீக்க, பின்னணி சரிசெய்ய ஏஐயைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முகம் சின்னதாகவும் மங்கலாகவும் இருந்தால் அதை மங்கலாகவே விடுங்கள் என்பது என் கட்சி. செய்தே தீருவேன் என்றால் கோப்பின் பெயரிலேயே 'ஏஐ' என்று சேர்த்துவிடுங்கள். இருபது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் அதையே அசல் முகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2021இல் 'மைஹெரிட்டேஜ்' தளம் பழைய முகங்களைக் கண் சிமிட்டிச் சிரிக்கவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது நினைவிருக்கலாம். சிலருக்கு அது ஆனந்தம். கணவரை இழந்த பெரியம்மாவிடம் முன்னறிவிப்பில்லாமல் நீட்டாதீர்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் கொடுக்கலாமா?

விளையாட்டாகச் செய்யலாம், ஆதாரமாக நினைக்கக் கூடாது. பழைய பிலிம்கள் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் அளவுக்கு மீறித் தெரியும். அதனால் குங்குமப் பொட்டு அட்டைக்கரியாகவும், வெளிர்நீலப் புடவை ஏறக்குறைய வெள்ளையாகவும் விழும். இதைத் தெரியாமல் "கொள்ளுப்பாட்டி வெள்ளைப் புடவையில் இருக்கிறாரே, தாத்தா அப்போதே இறந்துவிட்டாரா?" என்று குழம்பிய குடும்பங்கள் உண்டு. நெற்றியையும் கழுத்தையும் பாருங்கள். பொட்டும் தாலியும் இருந்தால் புடவை நீலமாகவோ இளஞ்சாம்பலாகவோ இருந்திருக்கலாம். செயலிக்கு இந்தக் கணக்கு தெரியாது. கரும் அரக்குப் பட்டை அது ஒரு நொடியில் கறுப்பாக்கிவிடும்.

அந்தப் புடவையைக் கட்டியவரோ, அதைப் பீரோவில் வைத்திருப்பவரோ இருந்தால் நிறத்தைக் கேட்டுப் போடுங்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோவில் தூரிகையால் வண்ணம் தீட்டியவரும் வாடிக்கையாளரிடம் கேட்டுத்தான் போட்டார்.

கடையில் கொடுத்துச் செய்வதானால் என்ன சொல்ல வேண்டும்?

அசலைக் கொடுக்காதீர்கள், ஸ்கேன் கோப்பைக் கொடுங்கள். "முகத்தை வெளுப்பாக்க வேண்டாம், நகையைக் கூட்ட வேண்டாம், பின்னால் இருக்கும் திரையை மாற்ற வேண்டாம்" என்று எழுதியே கொடுங்கள். சொல்லாவிட்டால் தாத்தாவுக்குப் பின்னால் சுவிட்சர்லாந்து வந்துவிடும். பிரிண்டோடு கோப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். லேமினேஷன் செய்து தரட்டுமா என்று கேட்பார்கள். நகலுக்கு உங்கள் இஷ்டம், அசலுக்கு வேண்டவே வேண்டாம். சூடு பட்டு ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க வழி இல்லை.

தாத்தாவும் பாட்டியும் சேர்ந்த படமே இல்லை. தனித்தனிப் படங்களைச் சேர்க்கலாமா?

நம் ஸ்டூடியோக்கள் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே கத்தரியும் தூரிகையும் வைத்துச் செய்த வேலை இது. இரண்டு படத்திலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். வேறு வேறு பக்கம் என்றால் ஒட்டியது அப்பட்டமாகத் தெரியும். தாத்தா முப்பது வயதிலும் பாட்டி எழுபதிலும் இருந்தால் அம்மாவும் மகனும் போல் ஆகிவிடும். அதற்கு இரண்டையும் ஒரே அளவு ஃபிரேமில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவது எவ்வளவோ மேல்.

ஸ்கேன் எடுத்த பிறகு ஹார்டு டிஸ்கில் தூங்குகின்றன. என்ன செய்யலாம்?

அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம் வருகிறதென்றால் போட்டோ புத்தகம் போடுங்கள். எல்லாப் படத்தையும் திணிக்க வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஒன்று, கீழே அத்தையின் ரெக்கார்டிங்கிலிருந்து அவர் வார்த்தையிலேயே இரண்டு வரி. அழகான தமிழாகத் திருத்தாமல், "அன்னைக்குப் பாத்து உங்க தாத்தாவுக்குக் காய்ச்சல், அதான் மூஞ்சி அப்படி" என்று சொன்னபடியே போடுங்கள்.

எனக்குப் பிடித்தது சமையல் ஏடு. பாட்டியின் படம், அவர் கையெழுத்தில் இருக்கும் ஊறுகாய்க் கணக்கு அல்லது பலகாரக் குறிப்பின் ஸ்கேன், எதிர்ப்பக்கத்தில் இன்றைய அளவில் செய்முறை. எண்ணெய்க் கறையைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். நாலைந்து குறிப்பு இருந்தாலே ஒரு சின்னப் புத்தகம் ஆகிவிடும், மகள் மருமகள் எல்லாருக்கும் ஒரு பிரதி.

குலதெய்வக் கோயிலுக்கு எல்லாரும் கூடும் நாளில் வம்சாவளியைப் பெரிய ஃபிளெக்ஸில் அடித்து மாட்டலாம். தெரிந்த முகங்களுக்குப் படம், தெரியாத இடத்தில் வெறும் கட்டம், பக்கத்தில் ஒரு பேனா. அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத மாமா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் நாலைந்து கட்டமாவது நிரம்பிவிடும். அதுவரை யாரும் பார்த்திராத படங்கள் மறுவாரம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்வதும் உண்டு.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முகத்தையும் இரண்டிரண்டாக அச்சிட்டு ஜோடி சேர்க்கும் சீட்டாக்குங்கள். பார்த்தே இராத கொள்ளுத் தாத்தாவை நாலு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஃபிரேமின் பின்பக்கம் க்யூஆர் கோடு ஒட்டி, அந்தப் படத்தைப் பற்றிய பேச்சை அதில் கேட்கும்படி செய்யலாம். இணைப்பு செத்துப்போகலாம் என்பதால் ஒலிக் கோப்பைத் தனியாகவும் வையுங்கள். அதே திண்ணையில் அதே வரிசையில் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து மறுபடி எடுப்பதும் நன்றாக வரும். கேமராவின் உயரத்தைப் பழைய படத்தில் இருந்தபடி வைப்பதில்தான் சூட்சுமம்.

தலையணை, கப், சாவிக்கொத்து? பெரியவர்களுக்குப் பிடித்தால் செய்யுங்கள். காலமானவர் முகத்தில் காபி ஊற்றிக் குடிப்பது எல்லா வீட்டிலும் எடுபடாது.

இறந்தவர் உடலோடு எடுத்த படம் ஒன்று இருக்கிறது. வைத்திருக்கலாமா?

வைத்திருங்கள். முன்பு பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுவாக இருந்தது. நாற்காலியில் சாத்தி, சுற்றிலும் குடும்பத்தாரை நிற்கவைத்து எடுப்பார்கள். மூடிய கண்ணைத் திறந்ததுபோல் ஸ்டூடியோவில் வரைந்து கொடுத்ததும் உண்டு. சுவரில் இருக்கும் கொள்ளுத் தாத்தாவின் பார்வை விசித்திரமாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அசலை மாற்ற வேண்டாம், தனி உறையில் குறிப்போடு வையுங்கள். குடும்பக் குரூப்பில் திடீரென்று போடாதீர்கள்.

எங்கள் ஆல்பமே போய்விட்டது. இனி எங்கே தேடுவது?

இலங்கையில் இடம்பெயர்ந்த குடும்பங்களும், பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களின் பிள்ளைகளும் இதை அதிகம் கேட்கிறார்கள். கல்யாணப் படம் அந்தக் காலத்தில் தபாலில் சொந்தங்களுக்குப் போகும். ஆகவே உங்கள் படம் இன்னொருவர் ஆல்பத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். கொழும்பு, டொராண்டோ, லண்டன் சொந்தங்களிடம் "எங்க படம் இருக்கா?" என்று கேட்காமல், "உங்க பழைய ஆல்பத்தைப் பக்கம் பக்கமா படம் எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். அவர்களுக்கு அடையாளம் தெரியாத முகம் உங்களுக்குத் தெரியும். பழைய பாஸ்போர்ட், பள்ளி கல்லூரி ஆண்டு மலர், ஓய்வூதியப் புத்தகம், நினைவு மலர்களையும் பாருங்கள். இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் பள்ளி மலர்கள் நிறைய உண்டு. ஊர்ப் பழைய ஸ்டூடியோ இன்னும் இருந்தால் நெகட்டிவ் கட்டுகளைப் பற்றி விசாரிப்பதில் நஷ்டமில்லை.

ஸ்டூடியோவில் எடுத்த படத்தை நாம் அச்சிட உரிமை உண்டா?

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர். இணையத்தில் போடும்போது சட்டத்தைவிட, படத்தில் உயிரோடிருப்பவர்களைக் கேட்பது முக்கியம்.

அசல் படங்களை எங்கே வைப்பது?

பரண் ஆகாது, வெயில் சூடு முழுக்க அங்கேதான். குளியலறையை ஒட்டிய சுவரும் ஆகாது. பெயிண்ட் அடித்த இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம், மர அலமாரியைப் போல் அமில வாடை விடாது. படங்களைக் காகித உறையில் போட்டு, நடுவே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொட்டலத்தை மாற்றுங்கள். அந்துருண்டையைப் படங்களோடு போட வேண்டாம். ராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது திறந்து பாருங்கள். ஹாலில் மாட்டுவது நகலாக இருக்கட்டும்.

யாரென்றே தெரியாத படங்களை எறிந்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ஸ்கேன் எடுத்து, எண் போட்டுக் குடும்பக் குரூப்பில் வாரத்துக்கு ஒன்றாக விடுங்கள், மொத்தமாகக் கொட்டினால் யாரும் பார்ப்பதில்லை. அப்படியும் தெரியாவிட்டால், ஸ்டூடியோ முத்திரையுள்ள பழைய படங்களில் ஆய்வாளர்களுக்கு அக்கறை உண்டு. பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கியிருக்கிறது. அப்படி ஓர் இடத்துக்குக் கொடுக்க நினைத்தால் ஊர், ஸ்டூடியோ, படம் எந்த வீட்டுப் பெட்டியில் கிடைத்தது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.